கடமும் கிதாரும் கலந்த நாட்கள்

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 15 அன்று தபலா மேதை ஜாகிர் உசேன் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் காலமானார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் சங்க நூலகத்துக்கு வழக்கம்போல் பத்திரிகை படிக்க வந்தவர்கள் நான்கைந்து பேர்தான். பேச்சு தானாகவே அவர் பக்கம் திரும்பியது. மாஹிமில் வளர்ந்த பிள்ளை என்பதால் மும்பைக்காரர்களுக்கு அவர்மேல் தனி உரிமை உண்டல்லவா! ஒருவர் அந்தத் தேயிலை விளம்பரத்தை நினைவுகூர்ந்தார். இன்னொருவர் அவருடைய தந்தை அல்லா ரக்காவை நேரில் கேட்ட கதையைச் சொன்னார். அப்படியே பேசிக்கொண்டு போகையில் ‘சக்தி’ என்ற குழுவின் பெயர் வந்தது.

“அவங்க ஆரம்பத்துல வாசிச்ச கச்சேரி ஒண்ணை நான் நேர்லயே கேட்டிருக்கேன்” என்றார் எங்களில் மூத்தவர். எண்பதை நெருங்கும் அவர் ஓய்வுபெற்ற பொறியாளர். வாரம் தவறாமல் நூலகத்துக்கு வருபவர். இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை! நாங்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். அன்று அவர் சொன்னதையும், என் மனதில் நாற்பத்தேழு ஆண்டுகளாகக் கிடந்த ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

யார் இந்தச் சக்தி?

அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். ஜான் மெக்லாஃப்ளின் 1942-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தவர். ஜாஸ் உலகின் பெரும்புள்ளியான மைல்ஸ் டேவிஸுடன் 1969-இல் கிதார் வாசித்துப் பெயர் பெற்றார். 1971-இல் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற குழுவைத் தொடங்கினார். பெயர்தான் மகாவிஷ்ணு, வாசித்ததோ காதைப் பிளக்கும் மின் இசை. இரண்டு கழுத்துள்ள கிதாரை மாட்டிக்கொண்டு அவர் மேடையில் நின்றால் அரங்கமே அதிரும்.

அந்தக் காலமே அப்படிப்பட்டது. ஜாஸ் கலைஞர்கள் ஒவ்வொருவராக மின் கருவிகளுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பியானோ மேதை ஹெர்பி ஹான்காக் 1973-இல் ‘ஹெட் ஹண்டர்ஸ்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டு, கறுப்பின மக்களின் நடன இசையான ‘ஃபங்க்’கை ஜாஸுடன் பிணைத்தார். ‘ஜாஸ் ஃபங்க்’ என்ற பெயரில் இளைஞர்கள் அதன் பின்னால் ஓடினார்கள்.

எல்லோரும் மின்சாரத்தைத் தேடிப் போன அந்த வேளையில் மெக்லாஃப்ளின் மட்டும் எதிர்த்திசையில் நடந்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் வயலின் வித்வான் எல். சங்கர். சென்னையில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர், வி. லட்சுமிநாராயணாவின் மகன், எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம் ஆகியோரின் தம்பி. இவர்களுடன் ஜாகிர் உசேனும், கட வித்வான் டி.எச். விநாயகராமும், மிருதங்கத்தில் ராம்நாட் ராகவனும் சேர்ந்தார்கள். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் ஊரில் ஒரு கல்லூரியில் அவர்கள் வாசித்த கச்சேரி ஒலிப்பதிவாகி, 1976-இல் இசைத்தட்டாக வெளிவந்தது. அதில் மொத்தம் மூன்றே உருப்படிகள். ஒன்று மட்டும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு!

காதில் பஞ்சோடு வந்த நண்பர்

இனி மூத்தவர் சொன்ன கதை. அவர் 1976-இல் அமெரிக்காவில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். அறை நண்பர் ஓர் அமெரிக்கர், ஜாஸ் ஃபங்க் பைத்தியம். ஹான்காக்கின் இசைத்தட்டைத் தேய்ந்து போகும்வரை போட்டுக் கேட்பாராம். ஒருநாள், “மெக்லாஃப்ளின் வருகிறார், உன் ஊர்க்காரர்களும் வாசிக்கிறார்களாம், வா” என்று இவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். மகாவிஷ்ணு கச்சேரியில் காது இரண்டு நாள் இரைந்துகொண்டே இருந்த அனுபவம் உள்ளவர் ஆகையால், சட்டைப்பையில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தாராம்.

“திரை விலகினா மேடையில ஒரு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி கிடையாது. ஒரு கம்பளம் விரிச்சிருக்கு. நாலு பேர் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாங்க. விநாயகராம் கடத்தை மடியில வெச்சுக்கிட்டார். என் ரூம்மேட் என் காதுல, ‘அந்தப் பானையை வெச்சுக்கிட்டு அவர் என்ன செய்யப் போறார்?’னு கேட்டான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. இவ்வளவு பெரிய சபையில தண்ணிப் பானையைக் கொண்டுவந்து வெச்சுட்டாங்களேன்னு நினைச்சேன். சொல்லவே வெட்கமா இருக்கு. நான் கும்பகோணத்துக்காரன்!”

முதல் பத்து நிமிடம் அரங்கில் சலசலப்பு இருந்ததாம். சத்தத்தை எதிர்பார்த்து வந்த சிலர் எழுந்து போய்விட்டார்கள். பிறகு கிதாரும் வயலினும் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்து, முதலில் நீளமாகவும், போகப் போகச் சிறிது சிறிதாகக் குறைத்தும் கேள்வி பதில்போல் வாசிக்கத் தொடங்கினார்கள். அதையே பின்னர் தபலாவும் கடமும் எடுத்துக்கொண்டன. கடத்தின் வாயை வயிற்றில் அணைத்து விலக்கி விநாயகராம் எழுப்பிய நாதத்தைக் கேட்டு முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்களாம். ஒரு கட்டத்தில் அவர் கடத்தை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து, தாளம் பிசகாமல் வாசிப்பைத் தொடர்ந்தபோது அரங்கமே கூச்சலிட்டது.

“பஞ்சு?” என்று கேட்டேன்.

“பையிலேயேதான் இருந்தது. வெளியில வந்ததும் அவன் என்கிட்ட, ‘உங்க வீட்டுல இந்த வாத்தியம் இருக்கா?’ன்னு கேட்டான். நான் சட்டுனு ‘இருக்கு’ன்னு சொல்லிட்டேன். எங்க வீட்டுல இருந்தது வெறும் மண்பானைதான்! அன்னிக்கு ராத்திரியே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன், கடம் எங்கே செய்யறாங்கன்னு கேட்டு. மானாமதுரைன்னு பதில் வந்தது. அதோட அப்பா ஒரு வரி எழுதியிருந்தார்: ‘அமெரிக்காவுக்குப் போய்த்தான் இதைக் கேட்கணும்னு இருந்திருக்கு’ன்னு.”

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது.

ஒன்றும் சமமும்

என் தந்தை ரயில்வேயில் வேலை பார்த்தார். மாட்டுங்காவில் குடியிருந்தோம். ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோரையும்போலத் தம் பிள்ளைக்கு ஊரின் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை. எட்டு வயதில் என்னை மிருதங்கத்தில் சேர்த்துவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து பம்பாயில் தங்கிவிட்ட ஒரு வாத்தியார். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுவார், மாலையில் பாடம். ஏழு வருடம் கற்றேன். பதினைந்தாவது வயதில் விட்டுவிட்டேன். கட்டடத்தில் மற்றப் பையன்கள் கிரிக்கெட் ஆடும்போது நான் மட்டும் உறை போட்ட மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு போவது அவமானமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

கல்லூரியில் பாந்த்ராவிலிருந்து வந்த ஒரு கோவாக்கார நண்பன் அமைந்தான். கல்லூரி இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவன். நானும் அவனும் காலா கோடாவில் இருந்த ரிதம் ஹவுஸ் கடைக்குப் போய், வாங்கக் காசில்லாமல் கேட்பதற்கென்றே இருந்த சிறு அறைகளில் நின்று கேட்டுவிட்டு வருவோம். (அந்தக் கடை 2016-இல் மூடப்பட்டுவிட்டது.) ஜாஸ் ஃபங்க் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். இரானி ஹோட்டல் மேஜையில் விரலால் தட்டிக் காட்டுவான். “நீ என்ன வேண்டுமானாலும் வாசித்துக்கொள், ஆனால் ‘ஒன்று’ வரும்போது எல்லோரும் அங்கே இருக்க வேண்டும். அதுதான் ஃபங்க்” என்பான். ஜேம்ஸ் பிரவுன் தன் வாத்தியக்காரர்களிடம் வலியுறுத்தியதும் இந்த முதல் தட்டைத்தான்.

அவன் ‘ஒன்று’ என்றது நம் ‘சமம்’ அல்லாமல் வேறென்ன? ஆனால் அன்று எனக்கு அது உறைக்கவில்லை. அவன் சொன்னபோது புதுமையாக இருந்தது. அதையே வாத்தியார் சொன்னபோது பாடமாக இருந்தது.

1977-இல் ஒருநாள் அவன் ஒரு கேசட்டோடு வந்தான். வெளிநாட்டில் இருந்த அவன் மாமா இசைத்தட்டிலிருந்து பதிவு செய்து அனுப்பியது. ஒரு பக்கத்தில் சவுத்தாம்ப்டன் கச்சேரி. மறுபக்கத்தில் அந்த ஆண்டு வந்த ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’. மறுபக்கத்தின் முதல் உருப்படி கொன்னக்கோலில் ஆரம்பிக்கிறது. வாத்தியம் எதுவும் இல்லை, வாயால் சொல்லும் ஜதிதான். நண்பன் என்னைப் பார்த்து, “இது என்ன மொழி? உன் மொழியா?” என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. என் கை தன்னால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

வாத்தியார் வீட்டில்

அந்த வாரமே கேசட் பிளேயரை இரவல் வாங்கிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு போகிறேன். வாசலில் நின்றவனைப் பார்த்து, “என்ன தம்பி, வழி தெரிஞ்சுதா?” என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சவுத்தாம்ப்டன் பதிவின் முதல் உருப்படி பதினெட்டு நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். விரல்கள் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தன. கடம் வந்ததும், “இது ஹரிஹர சர்மா பிள்ளை கையில்ல?” என்றார். ஹரிஹர சர்மா விநாயகராமின் தந்தை. சென்னையில் 1958-இல் தாளவாத்தியப் பள்ளி தொடங்கியவர். முடிந்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குறைகளைச் சொல்லத் தொடங்கினார். ராகத்தை விஸ்தாரம் செய்யப் பொறுமை இல்லை, வேகம் அதிகம், கைதட்டலுக்காக வாசிக்கும் இடங்கள் இரண்டு மூன்று இருக்கின்றன என்றார். “ஆனா அந்த வெள்ளைக்காரர் கணக்குத் தப்பாம வந்து சேர்றார் பார். யாரோ பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்காங்க. அவரும் உட்கார்ந்து கத்துக்கிட்டிருக்கார்” என்றார்.

கிதாரில் கமகம் எப்படி வருகிறது என்று அவருக்கு வியப்பு. அப்போது எனக்கும் தெரியாது. பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். சக்தி குழுவுக்காகவே ஏபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் மெக்லாஃப்ளினுக்குத் தனியாக ஒரு கிதார் செய்து கொடுத்தார். அதில் மெட்டுகளுக்கு இடையே உள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். அதனால் வீணையில் செய்வதுபோல் தந்தியை அழுத்தி இழுத்து ஸ்வரத்தை அசைக்க முடியும். போதாததற்கு, குறுக்கே ஏழு அனுதந்திகள் வேறு. அவர் நம் இசைக்காகத் தம் வாத்தியத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறார்!

புறப்படும்போது வாத்தியார் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. கோபமாகச் சொல்லவில்லை. “நான் ஏழு வருஷமா சொன்னதை அவங்க பதினெட்டு நிமிஷத்துல சொல்லிட்டாங்க. போகட்டும். யார் சொன்னா என்ன? செவ்வாய்க்கிழமை மிருதங்கத்தை எடுத்துட்டு வா.”

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போகவில்லை. கல்லூரியில் தேர்வு இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை வேறு ஏதோ. பிறகு வங்கி வேலை, நாக்பூருக்கு மாற்றல். 1981-இல் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று அப்பா எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு போகவும் இடமில்லை.

மீண்டும் ஒரு டிசம்பர்

சக்தி குழு 1978-இல் கலைந்தது. மெக்லாஃப்ளினின் மின் இசைத்தட்டுகள் விற்றதுபோல் இவை விற்கவில்லை. ஆனாலும் கேட்டவர்கள் மறக்கவில்லை. 1997-இல் மெக்லாஃப்ளினும் ஜாகிர் உசேனும் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் மீண்டும் கூடினார்கள். அந்த இங்கிலாந்துப் பயணத்தில் விநாயகராமும், புல்லாங்குழலில் ஹரிபிரசாத் சௌராசியாவும் உடன் வாசித்தார்கள். அடுத்து மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸும், விநாயகராமின் மகன் செல்வகணேஷும் குழுவில் சேர்ந்தார்கள்.

2000 டிசம்பரில் அவர்கள் மும்பைக்கு வந்தார்கள். நானும் பாந்த்ரா நண்பனும், இருவருக்கும் தலை நரைத்தபின், அருகருகே உட்கார்ந்து கேட்டோம். நம் செம்பூர்ப் பிள்ளை சங்கர் மகாதேவன் பாடினார். சிவமணி, சந்தூரில் சிவகுமார் சர்மா எனப் பலர் விருந்தினராக வந்து வாசித்தார்கள். அது ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ என்ற பெயரில் 2001-இல் இசைத்தட்டாகவும் வந்தது. சாகசத்துக்கும் வேகத்துக்கும் குறைவில்லை. வாத்தியார் இருந்திருந்தால் கைதட்டலுக்காக வாசித்த இடங்களை எண்ணிச் சொல்லியிருப்பார்.

செல்வகணேஷ் கஞ்சிராவை எடுத்து நீண்ட கணக்கு ஒன்றைத் தொடங்கினார். நானும் தொடையில் தாளம் போட்டேன். மூன்றாவது சுற்றில் எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. முன்வரிசையில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, பாவாடை சட்டையில், கடைசிவரை தட்டி, சமத்தில் சரியாக வந்து இறங்கினாள். நண்பன் அவளைக் காட்டி, “அவளுக்கு ‘ஒன்று’ எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது” என்றான்.

ஸ்ரீனிவாஸ் 2014-இல் மிக இளம் வயதில் மறைந்தார். அந்த இழப்புக்குப் பின்னும் குழு மீண்டும் எழுந்தது. ஐம்பதாவது ஆண்டை ஒட்டி 2023-இல் உலகைச் சுற்றி வந்தது. வயலினில் கணேஷ் ராஜகோபாலன் சேர்ந்தார். அந்த ஆண்டு வெளியான ‘திஸ் மொமென்ட்’ இசைத்தட்டுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டின் டிசம்பரில்தான் ஜாகிர் உசேனை இழந்தோம்.

அன்று நூலகத்தில் மூத்தவர் பேசி முடித்ததும் நான் வாத்தியார் கதையைச் சொன்னேன். இதுவரை வீட்டில்கூட முழுவதும் சொன்னதில்லை. அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “நாம ரெண்டு பேருமே வெட்கப்பட்டிருக்கோம் இல்லையா? நான் பானையைப் பார்த்து, நீங்க உறையைப் பார்த்து” என்றார். வெளிநாட்டு ரசிகர் கைதட்டியதால் கடத்துக்குப் பெருமை வந்துவிடவில்லை. அது மானாமதுரையிலேயே இருந்தது. காது கொடுக்கத்தான் எங்களுக்கு நாளாயிற்று.

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். சக்தி குழுவின் பழைய கச்சேரிகளையோ, வேறு கலைஞர்களின் ஆரம்பக்கால மேடைகளையோ நேரில் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இரண்டு பக்கம் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். எங்கள் மூத்தவரைப்போல நாற்பத்தெட்டு வருடம் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை மிருதங்க வகுப்பு. இப்போது ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். சென்ற வாரம் அவர்களில் ஒரு பையன் படியிறங்கும்போது, கீழே ஆடிக்கொண்டிருந்த நண்பர்கள் பார்த்துவிடக் கூடாதென்று மிருதங்கத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனான். நான் அவனைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. உபதேசம் செய்தால் அடுத்த வாரம் வராமல் போய்விடுவான் என்று எனக்குத் தெரியும். கைபேசியில் அந்தப் பதினெட்டு நிமிடத்தைப் போட்டுக் கொடுத்தேன். படியிலேயே உட்கார்ந்து கேட்டான். பாதியில் விரல் எண்ணத் தொடங்கியது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வருகிறானா என்று பார்க்க வேண்டும்.